கிறிஸ்தவத் தாய்க்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு: மும்பைத் தமிழ்ச் சபைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாய்மாருக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பது வேதாகமம் சொல்வதா, இந்தக் காலத்தவர் தங்கள் வசதிக்காகச் சொல்வதா?

வேதாகமம் சொல்வதுதான். ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரிக்கச் சொல்லும் கட்டளையைக் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் மூன்றாவதாகவும் மற்றவர்கள் நான்காவதாகவும் எண்ணுகிறார்கள். அது யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்திலும் உபாகமம் 5ஆம் அதிகாரத்திலும் வருகிறது. நீ, உன் மகன், உன் மகள், உன் வேலைக்காரன், உன் வேலைக்காரி, உன் மிருகஜீவன், உன் வாசலுக்குள் தங்கியிருக்கும் அந்நியன் என்று அது வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் தனித்தனியே குறிப்பிடுகிறது. அந்தப் பட்டியலில் மனைவி என்று தனியாக இல்லையே, அப்படியானால் அவள் வேலை செய்யலாம் அல்லவா என்று ஒரு வேதபாட வகுப்பில் ஒருவர் உண்மையான ஐயத்தோடு கேட்டார். மனைவி அந்த முதல் சொல்லிலேயே கணவனோடு சேர்ந்து அடங்கியிருக்கிறாள். வேலைக்காரியும் கழுதையும் இளைப்பாறும் ஒரு வீட்டில் தாய் மட்டும் அடுப்படியில் நிற்கவேண்டும் என்று கர்த்தர் கட்டளையிட்டிருப்பார் என நினைப்பதற்கு இடமே இல்லை.

உபாகமம் இதற்குச் சொல்லும் காரணத்தையும் கவனிக்கவேண்டும். எகிப்தில் நீங்கள் அடிமைகளாயிருந்ததை நினையுங்கள் என்கிறது அது. அடிமைக்குத் தனக்கென்று ஒரு நாள் கிடையாது. விடுதலை பெற்ற ஜனத்தின் முதல் அடையாளங்களில் ஒன்றாக அந்த நாள் கொடுக்கப்பட்டது. ஆகையால், கிறிஸ்துவால் விடுதலை பெற்றதாகச் சாட்சி சொல்லும் வீட்டில் ஒருவருக்கு மட்டும் வருடம் முழுவதும் ஒரு நாள்கூட இல்லை என்றால், அது அந்தத் தாயின் சுகத்தைப் பற்றிய கேள்வியாக மட்டும் நின்றுவிடாது. அந்த வீட்டின் கீழ்ப்படிதலைப் பற்றிய கேள்வியாகவும் ஆகிவிடும்.

மும்பையில் வாழும் நமக்கு இன்னொரு நினைவும் உண்டு. இந்த நகரத்தின் பஞ்சாலைத் தொழிலாளருக்கு வார விடுமுறை தானாக வந்துவிடவில்லை. நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் 1884இல் தொழிலாளரைத் திரட்டி ஞாயிறு விடுமுறை கேட்டார். ஆலை முதலாளிகள் அதற்கு இணங்கியது 1890 ஜூன் 10ஆம் தேதி. பிறகு 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் அதை நாடு முழுவதும் உறுதிப்படுத்தியது. ஆலைக்குப் போன கணவனுக்கு இந்த நாள் கிடைத்த அன்றும் அவன் வீட்டு அடுப்பு வழக்கம்போல் எரிந்தது. அந்த வீட்டுப் பெண்ணுக்காக யாரும் மனுக் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய் வருகிறாளே, அதுவே ஓய்வு அல்லவா?

ஆராதனை ஆத்துமாவுக்கு இளைப்பாறுதல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஆராதனைக்கு ஒரு தாய் எப்படி வந்து சேருகிறாள் என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும்.

சயான் கோலிவாடாவிலோ தாராவியிலோ ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயில் தண்ணீர் விடியுமுன் வரும், சிறிது நேரமே வரும், ஞாயிறு என்று பார்த்து நேரத்தை மாற்றாது. டிரம்மையும் குடங்களையும் நிரப்பிவிட்டு, இட்லி ஊற்றி வைத்துவிட்டு, ஆராதனை முடிந்து வந்தவுடன் குழம்பு வைக்க வசதியாக வெங்காயம் உரித்து வைக்கிறாள். பிறகு பிள்ளைகளைக் குளிப்பாட்டி, ஓய்வுநாள் பாடசாலைக்கு உரிய மனப்பாட வசனத்தைத் தலை வாரிக்கொண்டே சொல்லிக் கொடுத்து, கணவரின் சட்டையைத் தேய்த்து, எல்லோரும் கிளம்பிய பிறகு கடைசியாகத் தான் சேலை கட்டுகிறாள். கல்யாண், டோம்பிவிலி பக்கமிருந்து வருகிறவர்களுக்கு, தண்டவாளப் பராமரிப்புக்காக ரயில்களைக் குறைக்கும் ஞாயிறு மெகா பிளாக் வேறு இருக்கிறது. ரயில் குறைவு, கூட்டம் அதிகம், திரும்பி வர மதியம் தாண்டிவிடும். வந்ததும் எல்லோருக்கும் பசி. வாரத்தில் ஒரு நாள் கறி எடுப்பது ஞாயிற்றுக்கிழமைதான் என்பதால் மற்ற நாள்களைவிட அன்றைக்குத்தான் சமையல் அதிகம், கழுவவேண்டிய பாத்திரமும் அதிகம். மாலையில் பெண்கள் ஐக்கியக் கூட்டம். இரவில் திங்கட்கிழமைப் பள்ளிக்கூடத்துச் சீருடை.

அந்த நாளில் அவள் உட்கார்ந்திருந்த நேரம் பிரசங்க நேரம் மட்டுமே. பிரசங்கத்தில் கண் அசந்துவிட்டாள் என்று அவளைக் குறைசொல்கிறவர்கள், வாரத்தில் அவள் கைகளுக்கு வேலை இல்லாதிருந்த ஒரே நேரம் அது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இது சில வீடுகளின் நிலையாக இருக்கலாம். எல்லா வீட்டையும் அப்படிச் சொல்லலாமா?

நாடு முழுவதற்கும் கணக்கு இருக்கிறது. 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்கள். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இவை 289, 88 என்று இருந்தன. கிறிஸ்தவ வீடுகளைத் தனியே பிரித்துச் சொல்லும் கணக்கு அல்ல இது. ஆனால் நம் சபை வீடுகள் இதற்கு விலக்கு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எந்த நாள் ஓய்வுநாளாக இருக்கவேண்டும்?

பெரும்பாலான சபைகளுக்கு உயிர்த்தெழுதலின் நாளாகிய ஞாயிறு. ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் 321இல் அதைப் பொது ஓய்வுநாளாக அறிவித்தான். அதற்கு முன்பே விசுவாசிகள் அன்று கூடிவந்தார்கள். ஏழாம்நாள் அட்வென்டிஸ்டு சபையார் வெள்ளி சூரியன் மறைவிலிருந்து சனி சூரியன் மறைவு வரை ஆசரிக்கிறார்கள். நாளைக் குறித்து ஒருவரையொருவர் நியாயந்தீர்க்க வேண்டாம் என்று பவுல் கொலோசெயருக்கு எழுதியிருப்பதால் அந்த வாதத்துக்குள் இங்கே போகவில்லை.

நடைமுறையில் வரும் கேள்வி வேறு. மருத்துவமனையில் முறை வைத்து வேலை செய்யும் செவிலியருக்கு எல்லா ஞாயிறும் கிடைக்காது. தாராவியில் விடியற்காலையில் இட்லி அவித்து விற்பனைக்கு அனுப்பும் குடும்பத்துக்கு ஞாயிறு வியாபாரத்தை விட்டால் அந்த வார வாடகை நெருக்கும். இப்படிப்பட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைக் கைவிடாமல், செவ்வாயோ வியாழனோ வேறொரு நாளைத் தாயின் ஓய்வுக்காகக் குறித்துக்கொள்வதில் குற்றமில்லை. மனுஷனுக்காகவே ஓய்வுநாள் உண்டாக்கப்பட்டது என்று ஆண்டவர் மாற்கு 2ஆம் அதிகாரத்தில் சொன்னதன் பொருள் இங்கே நமக்கு உதவுகிறது. எந்த நாளாக இருந்தாலும் அது வாரந்தோறும் மாறாத நாளாக இருக்கட்டும். "இந்த வாரம் முடியவில்லை, அடுத்த வாரம் பார்ப்போம்" என்று தள்ளிப்போகும் நாள் ஒருபோதும் வராது.

எங்கள் வீட்டில் இதை எப்படித் தொடங்குவது?

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கர்த்தர் கொடுத்த உணவாகிய மன்னாவிலிருந்து தொடங்கலாம். யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில், ஆறாம் நாளில் ஜனங்கள் இரண்டு நாளுக்கான உணவைச் சேர்த்தார்கள்; சுடவேண்டியதைச் சுட்டு, வேகவைக்கவேண்டியதை வேகவைத்து, மீதியை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளும்படி மோசே சொன்னான். ஓய்வுநாளுக்கு ஆயத்தநாள் உண்டு என்பதே இதில் நாம் கற்பது. ஆனால் ஒரு எச்சரிக்கை. அந்த ஆயத்தம் முழுவதும் தாயின் தலையிலேயே விழுந்தால், ஞாயிற்றுக்கிழமை வேலை சனிக்கிழமைக்கு இடம் மாறியதே தவிர ஓய்வு வந்ததாகாது. சனிக்கிழமை மாலை வீட்டிலுள்ள எல்லோருக்கும் வேலை இருக்கவேண்டும்.

சாப்பாட்டை எளிதாக்குங்கள். சனிக்கிழமை வைத்த மீன்குழம்பு மறுநாள் சுவை கூடியே இருக்கும். வெள்ளிக்கிழமை அரைத்த மாவு ஞாயிறு காலைக்கு உதவும். தெருமுனைக் கடையில் காலையிலேயே பாவ் ரொட்டி கிடைக்கும் ஊரில் இருக்கிறோம். மீந்த குழம்போடு பாவ் சாப்பிட்டு ஆராதனைக்குப் போவதில் குறைவு ஒன்றும் இல்லை. கறிச் சமையல் வேண்டும் என்றால் கணவரும் பிள்ளைகளும் சமைக்கட்டும். உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியா கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்து, இரவெல்லாம் வலைவீசிக் களைத்து வந்த சீஷர்களைச் சாப்பிட அழைத்தார் என்று யோவான் 21ஆம் அதிகாரம் சொல்கிறது. அவரைப் பின்பற்றுகிற ஆண்களுக்கு அடுப்படி எப்படித் தாழ்வான இடமாகும்?

சமையலைவிடக் கடினமான ஒன்று உண்டு. எங்கள் சபையில் ஒரு அக்கா, தண்ணீர் பிடிக்கும் வேலையை ஞாயிறு மட்டும் மூத்த மகனிடம் விட்டார். மகன் ஒழுங்காக எழுந்து பிடித்தான். ஆனால் அந்த அக்கா படுத்தபடியே டிரம் நிரம்பும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். நிரம்பியதும், "மூடியைப் போடு, குடிதண்ணீர்க் குடத்தை வடிகட்டிப் பிடி" என்று அங்கிருந்தே சொன்னார். உடல் படுக்கையில் இருந்தது, வேலை அவரை விட்டுப் போகவில்லை. எரிவாயு சிலிண்டருக்கு எப்போது பதிவு செய்யவேண்டும், எந்தப் பிள்ளைக்கு எந்த மருந்து, திங்கட்கிழமை யாருக்கு எந்தத் தேர்வு, உறவில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எழுதவேண்டும் என்று நினைவில் வைத்திருப்பதும் ஒரு வேலைதான், அது கண்ணுக்குத் தெரியாத வேலை. ஒரு வேலையைக் கணவரோ பிள்ளைகளோ எடுத்துக்கொண்டால் அதை நினைவில் வைத்திருக்கும் பொறுப்பையும் சேர்த்து எடுத்துக்கொள்ளவேண்டும். "சொன்னால் செய்வேனே" என்கிற உதவியில், சொல்லும் வேலை தாயிடமே தங்கிவிடுகிறது. அந்த மகன் இப்போது கேட்காமலே வடிகட்டுகிறான். அக்காவுக்கு அந்த நேரத்தில் தூக்கம் வரப் பல வாரங்கள் ஆயின.

தாயும் ஒன்றை விட்டுக்கொடுக்கவேண்டும். மற்றவர்கள் செய்த வேலை தான் செய்வதுபோல் இருக்காது. கழுவிய பாத்திரத்தை மறுபடியும் கழுவாமல் இருப்பது பலருக்கு உண்மையிலேயே ஒரு விசுவாசப் பயிற்சி.

கைக்குழந்தை இருக்கும் தாய்க்கு இதெல்லாம் நடக்குமா?

முழுநாள் ஓய்வு நடக்காது, அதை அவளிடம் எதிர்பார்க்கவும் கூடாது. பால் கொடுப்பதற்கு விடுமுறை இல்லை. கால்நடையைத் தண்ணீர் காட்ட அவிழ்த்துக்கொண்டு போவதும், குழியில் விழுந்த ஆட்டைத் தூக்கிவிடுவதும் ஓய்வுநாளில் செய்யத்தக்கவை என்று ஆண்டவர் பேசியிருக்கிறார். குழந்தையைப் பார்ப்பது அதைவிட மேலான இரக்கச் செயல். ஆனால் பால் கொடுப்பதைத் தவிர மற்றதெல்லாம் வேறு ஒருவர் செய்யக்கூடியதே. அந்த ஒரு நாளில், ஒரு முறை பால் கொடுத்த பின் அடுத்த முறை வரை குழந்தையை வேறொருவர் முழுவதுமாகப் பார்த்துக்கொள்ள, தாய் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும். ஆராதனைக்கு வர முடியாவிட்டால் அதற்காக அவள் மனம் நோகவேண்டாம். கத்தோலிக்கத் திருச்சபையும் கைக்குழந்தையைப் பராமரிப்பதைத் திருப்பலிக் கடமைக்கு விலக்கு தரும் தக்க காரணமாக மறைக்கல்வி ஏட்டில் குறிப்பிட்டிருக்கிறது.

மாமியார் தவறாக நினைப்பார்களே. "எங்கள் காலத்தில் நாங்கள் இப்படியா இருந்தோம்?" என்கிறார்கள்.

அந்தக் கேள்விக்குள் ஒரு துயரம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். திருநெல்வேலியிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ மணமாகி இந்த நகரத்துக்கு வந்து, பத்துக்குப் பத்து அறையில் மாமனார், கொழுந்தன், நாத்தனார் எல்லோருக்கும் சமைத்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு ஒரு நாள் ஓய்வு என்று யாரும் சொல்லவில்லை. ஆகையால் மருமகளின் ஓய்வை மட்டும் பேசாமல் அத்தையின் ஓய்வையும் சேர்த்துப் பேசுங்கள். "அத்தை, ஞாயிற்றுக்கிழமை நீங்களும் அடுப்படிக்கு வரவேண்டாம், உங்கள் மகன் பார்த்துக்கொள்வார்" என்று மருமகள் சொல்லும்போது அந்தப் பேச்சின் போக்கே மாறுகிறது. இதைச் சொல்லவேண்டியவர் முதலில் மகன்தான். தாய்க்கும் மனைவிக்கும் நடுவில் அவர் மௌனமாக இருந்துவிட்டால் பழி முழுவதும் மருமகளின்மேல் விழும்.

விருந்தினரைப் பற்றியும் கேட்கிறார்கள். ஞாயிறு மதியம் சொல்லாமல் வருகிறவர்களுக்கு இருப்பதைப் பகிர்ந்து கொடுக்கலாம். புதிதாக உலை வைக்கத்தான் வேண்டும் என்றால் வீட்டில் வேறு யாராவது வைக்கலாம்.

பேதுருவின் மாமி ஓய்வுநாளில்தானே எழுந்து பணிவிடை செய்தாள்? நீதிமொழிகள் சொல்லும் குணசாலியான ஸ்திரீ இருட்டோடே எழுந்திருக்கிறாளே?

இரண்டும் நியாயமான கேள்விகள். மாற்கு 1ஆம் அதிகாரத்தில் ஜெப ஆலயத்திலிருந்து நேராக அந்த வீட்டுக்கு வந்த இயேசு, ஜுரமாய்ப் படுத்திருந்தவளின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அவள் செய்த பணிவிடை சுகம் பெற்றதின் நன்றி. யாரும் அதை அவளிடம் கேட்டு வாங்கவில்லை. ஜுரத்தில் கிடந்தவளிடம் "சாப்பாடு எப்போது?" என்று யாரும் கேட்டதாக அங்கே எழுதப்படவில்லை. லூக்கா 10ஆம் அதிகாரத்தில் மார்த்தாள் பற்பல வேலைகளால் வருத்தமடைந்தபோது, மரியாளை எழுந்துபோய் உதவச் சொல்லும்படி கேட்ட அவளுக்கு ஆண்டவர் இணங்கவில்லை. உட்கார்ந்திருந்தவளின் இடத்தை அவர் காத்தார். லூக்கா 13ஆம் அதிகாரத்தில் பதினெட்டு வருடம் கூனியாயிருந்த ஸ்திரீயை ஓய்வுநாளிலேயே நிமிர்த்தினார். அதற்குக் கோபப்பட்ட ஜெப ஆலயத் தலைவனிடம், இவள் ஆபிரகாமின் குமாரத்தி அல்லவா என்று கேட்டார். தாய்மாரின் ஓய்வைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்தப் பகுதியே முதலில் நினைவுக்கு வருகிறது.

குணசாலியான ஸ்திரீயைப் பொறுத்தவரை, அவளுக்கு வேலைக்காரிகள் இருந்தார்கள் என்பதை அதே அதிகாரம் சொல்கிறது. அந்த வீடும் ஓய்வுநாளை ஆசரித்த இஸ்ரவேல் வீடுதான். அவளுடைய கைகளின் பலனை அவளுக்குக் கொடுக்கும்படி சொல்லித்தான் அதிகாரமே முடிகிறது. நாம் அன்னையர் தினத்தில் அந்தப் பகுதியை வாசிக்கிறோம். கடைசி வசனத்தைச் செய்கிறோமா?

எங்கள் வீட்டுக்கு வேலைக்கு ஒரு 'பாய்' (மும்பையில் வீட்டுவேலை செய்யும் பெண்ணை இப்படித்தான் அழைக்கிறோம்) வருகிறாள். ஞாயிறு அவளைச் சற்றுக் கூடுதல் நேரம் இருக்கச் சொன்னால் போதாதா?

கூடாது. நீ இளைப்பாறுவதுபோல உன் வேலைக்காரியும் இளைப்பாறவேண்டும் என்று உபாகமம் நேராகவே சொல்கிறது. அவளும் ஒரு தாய். அவளுக்கும் சம்பளம் பிடிக்காத வார விடுமுறை கொடுங்கள். அவளுடைய வேலையை அன்றைக்கு வீட்டு ஆண்களும் வளர்ந்த பிள்ளைகளும் பகிர்ந்துகொள்ளட்டும்.

சபை என்ன செய்யலாம்?

ஞாயிற்றுக்கிழமை பெண்களின்மேல் சுமத்தியிருக்கும் வேலைகளை முதலில் எண்ணிப் பார்க்கலாம். அன்பின் விருந்துக்குச் சமைப்பது, பரிமாறுவது, ஓய்வுநாள் பாடசாலை நடத்துவது, ஆலயத்தைப் பெருக்குவது, பாடகர் குழுப் பயிற்சி, மாலைக் கூட்டம் என்று பெரும்பாலானவற்றை அதே பெண்கள்தான் செய்கிறார்கள். விருந்துச் சமையலை வாலிபர் சங்கத்துக்கும் ஆண்கள் ஐக்கியத்துக்கும் முறைவைத்துக் கொடுக்கலாம். பெண்கள் கூட்டத்தை ஆராதனை முடிந்த கையோடு சுருக்கமாக வைத்தால் மாலை அவர்களுக்கு மிஞ்சும். பாஸ்டரம்மாவுக்கும் ஒரு நாள் வேண்டும். எந்த நேரமும் வீட்டுக்கதவு தட்டப்படும் அவருக்கு ஞாயிறு ஓய்வுநாளாக இருக்கவே முடியாது. திங்கட்கிழமையை அவருக்கென்று விட்டுவைக்கச் சபை ஒப்புக்கொள்ளவேண்டும்.

கணவர் இல்லை, அல்லது வெளிநாட்டில் இருக்கிறார். எனக்கு யார் வேலையைப் பகிர்ந்துகொள்வார்கள்?

மேலே சொன்ன எதுவும் உங்கள் வீட்டில் தானாக நடக்காது, ஆகவே சபை உங்களிடம் வந்து கேட்கவேண்டும். அவர்கள் வராவிட்டால் நீங்கள் கேளுங்கள். ஞாயிறு மதியச் சாப்பாட்டை மாதத்தில் ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு வீடு கொண்டுவருவதும், ஆராதனைக்குப் பின் பிள்ளைகளை மாலை வரை நம்பிக்கையான ஒரு குடும்பம் வைத்துக்கொள்வதும் ஒரு சபையால் செய்ய முடியாத காரியங்கள் அல்ல. இரண்டு தாய்மார் முறைபோட்டு, ஒரு வாரம் ஒருவர் இருவருடைய பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வதும் நல்ல வழி. முழு நாள் கிடைக்காவிட்டால் அரை நாளை உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வெடுத்த பின்னும் களைப்பு தீரவில்லை. விசுவாசக் குறைவா?

அப்படி யாரும் உங்களிடம் சொல்ல இடங்கொடாதீர்கள். சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாக விரும்பிய எலியாவைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை; தட்டியெழுப்பிச் சாப்பிடக் கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டான், மறுபடியும் சாப்பிடக் கொடுத்தான்.

வாரக்கணக்கில் தீராத களைப்புக்கு மருத்துவக் காரணம் இருக்கலாம். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறைந்தாலே அது இரத்தசோகை. தைராய்டு குறைவும் இதேபோல் களைப்பைத் தரும். இரண்டையும் இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். பிரசவத்துக்குப் பின் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் துக்கம், காரணமில்லாத அழுகை, குழந்தையிடம் மனம் ஒட்டாமை, வாழவே விருப்பமில்லாத எண்ணம் ஆகியவை நோயின் அறிகுறிகள். ஜெபிப்போம், அதோடு மருத்துவரிடமும் போவோம். மனநல உதவிக்கு அரசின் டெலிமானஸ் எண் 14416. எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அந்தத் தாய் தானே அழைக்கும் நிலையில் இல்லாவிட்டால் வீட்டிலுள்ள ஒருவர் அவளுக்காக அழைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசவைக்கவேண்டும். மருத்துவரிடம் போகும் நாளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைச் சபையில் யாராவது முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளவேண்டும்.